குடும்பம் இருக்கிற ஏரியா

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். நான் கோவில்பட்டி. நீங்க மதுரையா? சரி சரி. பொழுது சாயுறதுக்குள்ள போய்ச் சேந்துரலாம்.

ஏறுனதுல இருந்து நீங்க போன்ல பேசிக்கிட்டு வந்தது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலை. பக்கத்துல உக்காந்தா விழத்தானே செய்யும். "குடும்பம் இருக்கிற ஏரியாவா பாருங்க, கைக்குழந்தை இருக்கு"ன்னு புரோக்கர்கிட்ட சொன்னீங்கள்ல. கேட்டதும் சிரிப்பு வந்துட்டு. உங்களைப் பாத்து இல்ல, தப்பா நினைக்காதீங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே வார்த்தையை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்! மெட்ராஸ்ல நான் பேசுன முதல் வார்த்தையே அதுதான்னு வச்சுக்கிடுங்களேன்.

அடுத்த மாசமே குடி வந்தாகணுமா? அப்போ நல்ல ஆள்கிட்டதான் வந்து மாட்டியிருக்கீங்க. இந்த விசயத்துல என்னைவிட விவரம் தெரிஞ்சவன் கெடைக்க மாட்டான். பெருமைக்குச் சொல்லலை. இருபத்தேழு வீடு பாத்தவன் நான். பதினோரு ஞாயித்துக்கெழமை. பத்தாவது வீட்டுக்கு மேல புரோக்கர் ராயப்பன் என்கிட்ட வெளிப்படையாவே கேட்டுட்டார். "சார், நீங்க வாடகைக்கு வீடு பாக்குறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?"ன்னு. ரெண்டும் ஒண்ணுதான்யான்னேன். பொண்ணை வச்சிருக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?

என் பேர் வேலாயுதம். மோட்டார் பம்புசெட் கம்பெனியில சர்வீஸ் பிரிவு. இருபது வருசமா கோவில்பட்டி கிளையில இருந்தேன். திடீர்னு பதவி உயர்வு குடுத்து அம்பத்தூர் தலைமை ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாக. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டம்மா செல்வி, முழுப்பேர் ஆவுடைச்செல்வி, அவ அடுப்படியில இருந்து வெளிய வரவே இல்ல. உள்ளருந்துக்கிட்டே, "பாப்பா ஒன்பதாவது போறா. பத்தாவது முடிக்கட்டுமேங்க"ன்னா. நான் சரின்னு சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அடுத்த நாள் சம்மதக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் அழுதா. பொம்பளைங்க அழுவாக. பாப்பா, அபிநயா, அவ ஒரு வாரம் பேசலை. அந்த வயசுல புள்ளைங்க பேசாது. அதையெல்லாம் பாத்தா ஆகுமா? அவுகளுக்காகத்தானே எல்லாம்.

அவுக அழுததுக்கு ஈடா ஒண்ணு செஞ்சுரணும்னு நினைச்சேன். மெட்ராஸ்லயே குடும்பத்துக்கு ஏத்த ஏரியா எதுவோ அதுலதான் கொண்டுபோய் வைக்கணும்னு. ஒரு நோட்டுல எழுதி வச்சேன். பள்ளிக்கூடம் நடந்து போற தூரத்துல இருக்கணும். ஒயின்ஷாப் கிட்டவே இருக்கக்கூடாது. மழைக்குத் தண்ணி நிக்கக் கூடாது. தெருவிளக்கு எரியணும். மாடியில கல்யாணம் ஆகாத பயலுக குடியிருக்கக் கூடாது. பூங்கா, லைப்ரரி, பொம்பளைப் புள்ளைங்க தனியா நடந்து போனா தலை திருப்பிப் பாக்காத தெரு. எழுதிக்கிடுதீங்களா? எழுதிக்கிடுங்க.

சும்மா பாத்துட்டு வந்துற மாட்டேன் பாத்துக்கிடுங்க. ஒவ்வொரு தெருவுலயும் டீக்கடை, மளிகைக்கடை, இஸ்திரி வண்டி, இம்புட்டுப் பேர்கிட்டயும் விசாரிப்பேன். பொழுது இருட்டுற நேரத்துல ஒரு தடவை நடந்து பாப்பேன். மழை பெய்யுதா, முழங்காலு வரைக்கும் பேண்டை மடிச்சுக்கிட்டு அந்தத் தெருவுல போய் நிப்பேன். "யாருயா நீ, மாநகராட்சியா?"ன்னு கேட்டவங்களும் உண்டு.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் செல்வியைக் கூட்டிட்டுப் போனேன். ஒம்பதாவது வீடுன்னு நினைக்கேன். ஆபீசுக்குப் பின்னாடியே, பன்னெண்டு நிமிச நடை. அவளுக்குப் பாத்ததுமே பிடிச்சுட்டு. "இது போதுங்க. மத்தியானம் நீங்க வீட்டுக்கே வந்து சாப்பிட்டுப் போகலாம். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பீங்க"ன்னா. நல்ல வீடுதான், இல்லைங்கல. ஆனா மாடியில ஒரு அம்மா, ரெண்டு புள்ளைங்களோட தனியா இருக்காக. வீட்டுக்காரர் ஓசூர்ல வேலையாம், மாசத்துக்கு ஒருக்கவோ ரெண்டு தடவையோ வருவாராம். அந்த அம்மாவே சொன்னாக, சிரிச்சுக்கிட்டே. எனக்குச் சொரேர்னு ஆகிப்போச்சு. ஆம்பளை இருந்தாத்தானே தம்பி அது குடும்பம்? அக்கம்பக்கம் இப்படி இருந்தா நம்ம பொண்ணு மனசுல என்ன பதியும்? வேண்டாம்னுட்டேன். திரும்பி வரயில பஸ்ல செல்வி ஒரு வார்த்தை பேசலை. அலைஞ்ச அலுப்பு.

அப்படி இப்படின்னு இருபத்தேழாவது வீடு சேலையூர்ப் பக்கம் கெடைச்சுது. அமைஞ்சா இப்படி அமையணும். நோட்டுல எழுதுனது ஒண்ணு விடாம எல்லாம் இருந்துச்சு. ஸ்கூல் நாலு தெரு தள்ளி. பூங்கா கண்ணுக்கெட்டுற தூரம். லைப்ரரி, விளையாட்டு மைதானம், மழை பெஞ்ச அரை மணி நேரத்துல காஞ்சு போற தெரு. ஒயின்ஷாப்புக்குப் போகணும்னா பஸ்ஸுலதான் போகணும், நான் நடந்தே அளந்து பாத்தேன். ராயப்பன் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனார், என்னை.

ஒண்ணே ஒண்ணுதான். ஆபீஸ் தூரம்.

தூரம்னா, காலையில ஆறரைக்கு வீட்டை விட்டு இறங்கணும். பஸ் பிடிச்சு தாம்பரம். தாம்பரத்துல மின்சார ரயில். பார்க் ஸ்டேசன்ல இறங்கி, ரோட்டைத் தாண்டி, மூர் மார்க்கெட் பக்கம் போய் அடுத்த ரயில். அப்புறம் அம்பத்தூர்ல இறங்கி சேர் ஆட்டோ. திரும்புறதும் அதே மாதிரி. வீடு வந்து சேர எட்டரை, ஒம்பது ஆகும். நின்னுக்கிட்டே தூங்குறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை தம்பி, தானா வந்துச்சு. கம்பியில கையைக் கோத்து, கையில கன்னத்தைச் சாச்சுக்கிட்டா பல்லாவரத்துல இருந்து எழும்பூர் வரைக்கும் ஒரு தூக்கம். ஞாயித்துக்கெழமை முழுநாளும் கட்டில்ல கிடப்பேன். உடம்பு கேக்காது. முட்டு வலி வேற.

போகட்டும். குடும்பம் நல்லா இருந்தா சரி. ஆனா என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

மூணு மாசத்துல வீட்ல ஒவ்வொண்ணா மாறுது. செல்வி பி.எஸ்ஸி. கணக்குப் படிச்சவ. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அதைப் பத்திப் பேச்சே கெடையாது. இங்க வந்து பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஒரு கணக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. அது நாலு புள்ளையாச்சு, பத்தாச்சு. நான் வாரப்போ வாசல்ல செருப்பா கிடக்கும். கொஞ்ச நாள்லயே அந்த நாலு தெரு தள்ளி இருக்கிற ஸ்கூல்லயே வேலைக்குக் கூப்பிட்டுட்டாக. என்கிட்டச் சொன்னா, சொல்லலைன்னு இல்ல. நான் சாப்பிட்டுக்கிட்டே தூங்கியிருக்கேன். "தலையாட்டுனீங்களே"ங்கா. தலை தொங்கியிருக்கும் தம்பி, ஆட்டியிருக்க மாட்டேன்.

காலையில பூங்காவுல நடக்கப் போறா. ஆறு பொம்பளைங்க சேந்து. அதுல ஒரு அம்மா மலையாளத்துக்காரங்க, ஒருத்தங்க துணிக்கடை வச்சிருக்காங்க. என்னத்தைப் பேசுவாகளோ, சிரிச்சுக்கிட்டே வருவாக. பஸ் ஸ்டாப்புல நின்னா எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகி பதினேழு வருசத்துல செல்வி வாயைத் திறந்து அப்படிச் சிரிச்சு நான் கண்டதில்ல. பட்டணத்துத் தண்ணி அப்படி.

போன பொங்கலுக்குத் தெருவே சேந்து பொங்கல் வச்சாக. நானும் வேட்டி கட்டிக்கிட்டுப் போய் நின்னேன். ஒரு அம்மா கரண்டியோட வந்து, "வாங்க, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. நான் அந்தத் தெருவுல குடி வந்து ஒன்றரை வருசம் தம்பி! இந்தத் தெருவுல எத்தனை விளக்குக் கம்பம்னு கேட்டா நான் சொல்லுவேன். எந்த விளக்கு எரியாதுன்னும் சொல்லுவேன். வேலாயுதம்னேன். அவங்களுக்குத் தெரியலை. அப்புறம் இவ வந்து நின்னதும், "ஓ, செல்வி டீச்சர் வீட்டுக்காரரா! சொல்லக்கூடாதா சார்?"ன்னு ஒரு தொன்னை நிறையப் பொங்கல் குடுத்தாங்க. முந்திரி நிறையப் போட்டிருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு நாள். ஆபீஸ்ல கரண்ட் வேலைன்னு மதியமே அனுப்பிட்டாக. நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துட்டேன். பூட்டிக் கிடக்கு. என்கிட்டச் சாவி கெடையாது. நான் வாரப்போ ஆள் இருக்கும், சாவி எதுக்கு? போன் அடிச்சா ரெண்டு பேரும் எடுக்கலை. வெயில்ல நிக்கேன். எங்க போயிருப்பாகன்னு யோசிச்சா எனக்கு ஒரு இடமும் தோணலை. அந்த ஏரியாவுல எனக்குத் தெரியாத இடம் கெடையாது பாத்துக்கிடுங்க, ஆனா இவுக எங்க போவாகன்னு தெரியலை. கடைசியில இஸ்திரி போடுறவர்தான் சொன்னார், "டீச்சர் கிரவுண்டுல இருப்பாங்க சார். இன்னிக்கு பாப்பாவுக்கு மேட்ச்சாச்சே."

என்ன மேட்ச்? எனக்கு ஒண்ணும் புரியலை. மைதானத்துக்குப் போனேன். வாலிபால். பொம்பளைப் புள்ளைங்க பன்னெண்டு பேரு. அதுல ஒருத்தி என் மக. முட்டிக்கு மேல டவுசர். நல்ல உயரமா வேற வளந்துட்டா, எப்போ வளந்தாளோ. எம்பி எம்பி அடிக்கா. செல்வி கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு கையைத் தூக்கிக் கத்துதா. "விடாத அபி! விடாத!"ன்னு. எங்க வீட்ல குக்கர் விசில் சத்தத்துக்கு மேல அவ குரலை நான் கேட்டதில்ல.

பாப்பா பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்கப் போறா, அந்நேரம் என்னைப் பாத்துட்டா. பந்து வலையில போய் விழுந்துட்டு. என்ன இருந்தாலும் அப்பான்னு ஒரு மரியாதை இருக்குல்லா. செல்வியும் திரும்பிப் பாத்தா. கையைக் கீழ போட்டுட்டா. முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு ஓடியாந்து கேக்கா: "என்னங்க, என்ன ஆச்சு? இந்நேரத்துல வந்திருக்கீங்க?"

என்ன ஆச்சுன்னு கேக்கா தம்பி. ஒருத்தன் தன் வீட்டுக்கு வந்ததுக்கு!

அவுக தோத்துட்டாக. வீட்டுக்கு வாரப்போ அபியைக் கேட்டேன், எத்தனை நாளா ஆடுதேன்னு. "வந்ததுல இருந்துப்பா"ன்னா. அவ்வளவுதான் பேச்சு.

அன்னிக்கு முடிவு பண்ணேன். போதும். இந்த ஊரு நமக்கு ஆகாது, குடும்பம் கையை விட்டுப் போகுது, ஊருக்கே போயிரணும்னு. ஆபீஸ்ல மேலதிகாரியைப் பிடிச்சேன். பதவி உயர்வு வேண்டாம், பழைய இடமே போதும்னு எழுதிக் குடுத்தேன். வீட்ல சொல்லலை. ஆர்டர் வந்த பொறவு சொல்லிக்கிடலாம், சந்தோசப்படுவாகன்னு இருந்தேன். ரெண்டு நாள் அழுதவதானே அவ! பாப்பாவும் பத்தாவது முடிச்சுட்டா. ஒரு இடைஞ்சலும் இல்ல.

மே மாசம் ஆர்டர் வந்துச்சு. தாம்பரத்துல இறங்கி அரைக்கிலோ அல்வா வாங்குனேன். சாப்பிட உக்காந்தப்போ பொட்டலத்தைப் பிரிச்சு நடுவுல வச்சுச் சொன்னேன். "ஊருக்குப் போறோம். ஜூன்ல இருந்து கோவில்பட்டிதான்."

அல்வாவை யாரும் தொடலை. அபி அவ அம்மாவைப் பாக்கா, அவ அம்மா தட்டைப் பாக்கா. அப்புறம் செல்வி கேட்டா, "எங்களைக் கேட்டீங்களா?"

"உங்களுக்காகத்தானே"ன்னேன்.

"வாரப்பவும் அதைத்தான் சொன்னீங்க."

சண்டை போடுற குரல் இல்ல அது. சண்டை போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும், நானும் ரெண்டு சத்தம் போட்டிருப்பேன். இவ நிதானமா, வகுப்புல புள்ளைங்களுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதா. "நல்ல இடமாத்தாங்க தேடிக் குடுத்திருக்கீங்க. கோவிச்சுக்கிட்டுச் சொல்லலை, மனசாரத்தான் சொல்லுதேன். எனக்கு ஸ்கூல் இருக்கு. இவளுக்கு அடுத்த வருசம் மாவட்ட டீம்ல கேட்டிருக்காங்க. நாங்க இங்கயே இருந்துக்கிடுதோம். நீங்க போகணும்னா போயிட்டு வாங்க."

போயிட்டு வாங்கன்னுட்டா! கடைக்குப் போற ஆளுக்குச் சொல்லுத மாதிரி.

நான் அபியைப் பாத்தேன். அது என் புள்ளை, என் பக்கம்தான் பேசும்னு. அவ கேட்டா, "கோவில்பட்டிக்குப் போனா எத்தனை நாளைக்கு ஒரு தடவைப்பா வருவீங்க?" ஏங்குதாள்ல? "மாசத்துக்கு ரெண்டு தடவை வருவேன் தாயி"ன்னேன். அவ விரலை மடக்கிக் கணக்குப் போட்டா. "சனி, ஞாயிறு, சனி, ஞாயிறு. நாலு நாள். இப்பவும் அவ்ளோதானப்பா நீங்க வீட்ல இருக்கீங்க. அதுலயும் தூங்கிட்டுதான் இருக்கீங்க." பட்டணத்துப் பேச்சு. வெடுக்குன்னு பேசிருதுக. ஆனா அவ கண்ணு கலங்கியிருந்துச்சு, அதையும் சொல்லணும். எழுந்துபோய் எனக்குத் தண்ணி மோந்துட்டு வந்து வச்சா.

கோவத்துல கிளம்பிட்டேன். பின்னாடியே வந்துருவாகன்னு ஒரு நினைப்பு. ஒரு மாசம் பாத்தேன். வரலை. இது மூணாவது மாசம்.

கோவில்பட்டியில எங்க பழைய வாடகை வீட்டுக்கு வேற ஆள் வந்துட்டாக. நான் இப்போ பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு அறையில இருக்கேன். ஆபீஸ் பக்கம்தான், நடந்து அஞ்சு நிமிசம். அஞ்சரைக்கெல்லாம் வேலை முடிஞ்சுரும். அறைக்கு வந்து உக்காந்தா, என்ன செய்யன்னு தெரியாது. இத்தனை நேரம் என் கையில இருந்ததே கெடையாதே. மெஸ்ஸுல சாப்பாடு. பரவாயில்ல. அறைக்காரர் மட்டும் முதல்ல முரண்டு பிடிச்சார், தனிக்கட்டைக்கெல்லாம் வீடு விடுறதில்லைன்னு. நான் குடும்பஸ்தன்யான்னேன். "குடும்பம் எங்க?"ன்னார். அவருக்கு எங்கருந்து ஆரம்பிச்சுச் சொல்ல?

மாசம் ரெண்டு தடவை சேலையூர் வாரப்போ என்னை நல்லாத்தான் கவனிக்காக, குறை சொல்லக் கூடாது. இந்தத் தடவை ரெண்டு நாளும் நான் தூங்கலை. நேத்து அபி ஆடுறதை முழுசாப் பாத்தேன். இப்போ என்னைப் பாத்தா அவ பந்தை விடுறதில்ல. பழகிட்டு.

நேத்து சாயங்காலம் வீட்டு ஓனர் வந்திருந்தார். பதினோரு மாச ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு, புதுசு போடணும். "யார் இருக்காங்களோ அவங்க பேர்ல போட்டுக்கலாமே"ன்னார். நியாயந்தானே. செல்வி பேர்லயே டைப் அடிச்சுக் கொண்டாந்திருந்தார். அவ கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா வாசிக்கா. கண்ணாடி போட்டிருக்கான்னே எனக்கு நேத்துதான் தெரியும். ஒரு இடத்துல நிறுத்தி, சுண்ணாம்பு அடிக்கிறது யார் பொறுப்புன்னு தெளிவா எழுதலையேன்னா. அவர் எழுதிக் குடுத்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டா. சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். ஒண்ணு பக்கத்து வீட்டு அம்மா, அந்த மலையாளத்துக்காரங்க. இன்னொண்ணு நான்.

கையெழுத்துப் போட்டேன். கீழ முகவரின்னு இருந்துச்சு. கை பாட்டுக்கு வீட்டு நம்பரை எழுத ஆரம்பிச்சுட்டு. செல்வி மெதுவா என் கையைத் தொட்டு, "அது இல்லைங்க. உங்க முகவரி"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. யாருக்கும் கேட்டிருக்காது. அடிச்சுட்டு கோவில்பட்டின்னு எழுதுனேன். பின்கோடு ஞாபகம் வரலை தம்பி. பொறந்து வளந்த ஊரு. எழுதிக்கிட்டே இருந்தவனுக்கு வரலை. அவதான் சொன்னா. ஆறு, ரெண்டு, எட்டு, அஞ்சு, பூஜ்யம், ஒண்ணு.

அது கெடக்கட்டும். உங்க விசயத்துக்கு வருவோம். ராயப்பன் நம்பர் தாரேன், என் பேரைச் சொல்லுங்க, பயந்துக்கிட்டே நல்ல வீடாக் காட்டுவார். எங்க ஏரியாவுலயே பாருங்க. உங்க ஆபீஸ் எங்க? சோழிங்கநல்லூரா? கொஞ்சம் தூரம்தான். தூரத்தைப் பாத்தா நல்ல ஏரியா கெடைக்குமா?

என்னது, உங்க வீட்டம்மாவைக் கேட்டுட்டுச் சொல்லுதீங்களா? எதுக்குத் தம்பி? அவுகளுக்கு மெட்ராஸைப் பத்தி என்ன தெரியும்? முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடுவாக. ரெண்டு நாள் அழுவாக. நல்ல ஏரியாவாப் பாத்துக் கொண்டுபோய் இறக்கிட்டீங்கன்னா தானா பழகிருவாக.

எங்க வீட்ல பழகலையா?